உடைக்குள் மறையும் காற்று: அழுத்த ஆடையை அன்றாட உடையாக்குவது ஏன் கடினம்?

உடலை இறுகப் பிடித்து, இரத்தத்தையும் நிணநீரையும் உரிய திசையில் செலுத்த உதவும் காற்றடைத்த ஆடைகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ளன. போர் விமானிகள் அவற்றை அணிகிறார்கள், மருத்துவமனைகளிலும் அவை பயன்படுகின்றன. ஆனால் சட்டைக்குள்ளோ சேலைக்குள்ளோ பிறர் அறியாமல் அணிந்துகொண்டு வேலைக்கும் கோயிலுக்கும் திருமண வீட்டுக்கும் போய்வரக்கூடிய காற்றழுத்த ஆடை இன்னமும் அரிதாகவே இருக்கிறது. இதற்குக் காரணம் மருத்துவ அறிவின் குறைபாடா, அல்லது நெசவின் குறைபாடா?

இந்தக் கேள்வியை ஆராய, டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரம் பொருத்தமான ஓர் இடம். ஜட்லாந்துத் தீபகற்பத்தின் நடுப்பகுதியில், ஹேர்னிங் நகருக்கும் சில்க்கபோர் நகருக்கும் இடையே இருக்கிறது இந்தச் சிறு நகரம். இப்பகுதியின் மண் வளமற்றது. பயிர் செய்து மட்டும் பிழைக்க முடியாத குடியானவர்கள், செம்மறியாட்டுக் கம்பளியில் காலுறைகள் பின்னி, அவற்றை ஊர் ஊராகச் சுமந்து விற்றார்கள். மாலை நேரங்களில் ஒரு வீட்டில் கூடிப் பின்னிக்கொண்டே கதை பேசும் அவர்களது வழக்கத்தை, எழுத்தாளர் ஸ்டேன் ஸ்டேன்சன் பிளிகர் 1842ஆம் ஆண்டில் வட்டார வழக்கிலேயே இலக்கியமாக்கினார். கைப்பின்னல் பின்னாளில் இயந்திரப் பின்னலானது. இருபதாம் நூற்றாண்டில் இக்காஸ்டும் ஹேர்னிங்கும் டென்மார்க்கின் பின்னலாடைத் தொழிலின் மையமாக விளங்கின.

1980களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கைத் தமிழ் அகதிகள் டென்மார்க்கில் குடியேறத் தொடங்கியபோது, கணிசமானோர் இந்த நடு ஜட்லாந்து ஊர்களில் வாழத் தலைப்பட்டனர். ஹேர்னிங்கில் சித்தி விநாயகர் கோயிலும், இக்காஸ்டுடன் 2007இல் ஒரே நகராட்சியாக இணைக்கப்பட்ட பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயிலும் எழுந்தது இதன் விளைவே. தையல் மேசைகளிலும் தொழிற்சாலைகளிலும் துப்புரவுப் பணியிலும் பல ஆண்டுகள் நின்றபடியே உழைத்த அந்த முதல் தலைமுறை இன்று முதுமையை எட்டியிருக்கிறது. தையல் வேலைகளில் பெரும்பகுதி 1990களிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. ஆனால் கால் வீக்கமும் நீரிழிவும் அவர்களுடனேயே தங்கிவிட்டன.

உடலை ஏன் அழுத்த வேண்டும்?

அழுத்த ஆடைகளின் தேவையை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, இரத்தம் சார்ந்தது. படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நிற்கும்போது, அரை லீட்டருக்கும் அதிகமான இரத்தம் புவியீர்ப்பினால் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நலமுள்ள உடலில் நரம்புகள் உடனே இரத்தக் குழாய்களைச் சுருக்கி நிலைமையைச் சமாளிக்கின்றன. பார்க்கின்சன் நோயாலோ, நீண்டகால நீரிழிவாலோ இந்த நரம்புகள் பழுதடைந்தவர்களுக்கு அது முடிவதில்லை. அவர்களுக்கு எழுந்தவுடன் தலை சுற்றும். சிலர் மயங்கி விழுந்து எலும்பை முறித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, நிணநீர் சார்ந்தது. மார்பகப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கை வீங்குகிறது. நம் நாடுகளில் யானைக்கால் நோயும் இதே வகை வீக்கத்தையே உண்டாக்குகிறது. யானைக்கால் நோய் இனியும் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்ற நிலையை இலங்கை அடைந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. எனினும் ஏற்கெனவே வீங்கிய கால்கள் அந்த அறிவிப்பினால் வற்றிவிடவில்லை. இத்தகைய வீக்கத்தைக் கையால் மெல்ல நீவிக் குறைக்கும் முறையை 1930களில் உருவாக்கியவர்கள் எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் என்ற டென்மார்க் தம்பதியர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது தேவை, மன அமைதி. ஆட்டிசம் உள்ள சிலருக்கு உடல் முழுவதும் சீராக அழுத்தப்படும்போது பதற்றம் தணிகிறது. அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின், தாமே ஆட்டிசம் உள்ளவர். கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடும்போது அவற்றைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் கூண்டைக் கண்டு, 1960களில் தமக்கென்று ஓர் அணைப்பு இயந்திரத்தை அமைத்துக்கொண்டார். அதன் அமைதியூட்டும் தன்மை பற்றி 1992இல் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். அழுத்தம் தரும் மேலங்கிகள் பின்னர் சந்தைக்கு வந்தன. ஆயினும் அவற்றின் பலன் குறித்த ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரியாக இல்லை. சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு உதவுவதில்லை என்பதே நேர்மையான பதில்.

அறுவை மேசையிலிருந்து ஆகாயத்துக்கு

காற்றடைத்த ஆடையின் வரலாறு அறுவை மேசையில் தொடங்குகிறது எனலாம். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜார்ஜ் கிரைல், நோயாளியின் இரத்த அழுத்தம் சரிந்துவிடாமல் காக்க, 1900களின் தொடக்கத்தில் ரப்பராலான காற்றழுத்த உடை ஒன்றைப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது, வேகமாகத் திரும்பும் விமானங்களில் விமானிகளின் இரத்தம் கால்களுக்கு இறங்கி, அவர்கள் பார்வையும் நினைவும் இழந்தனர். கனடாவில் வில்பர் பிராங்ஸ் நீர் நிரப்பிய உடையையும், ஆஸ்திரேலியாவில் பிராங்க் காட்டன் காற்று நிரப்பிய உடையையும் இதற்காக உருவாக்கினார்கள்.

போருக்குப் பின், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியியலாளர், நாள நோயால் வலிக்கும் தமது கால்கள் நீச்சல் குளத்தில் நிற்கும்போது இதம் பெறுவதைக் கவனித்தார். நீரின் அழுத்தம் ஆழத்தில் கூடுதலாகவும் மேலே குறைவாகவும் இருக்கிறது. அதே அமைப்பில், கணுக்காலில் இறுக்கமும் மேலே தளர்வும் கொண்ட காலுறையை அவர் வடிவமைத்தார். இன்றைய மருத்துவ அழுத்தக் காலுறைகள் அந்த வழியில் வந்தவை.

இந்த வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. விபத்தில் இரத்தம் இழந்தவர்களுக்கு அணிவிக்கப்பட்ட காற்றடைத்த காற்சட்டை, வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவத்தினரால் பயன்படுத்தப்பட்டு, பின்னர் அமெரிக்க ஆம்புலன்ஸ்களில் பரவலாக இடம்பெற்றது. 1989இல் ஹூஸ்டன் நகரிலிருந்து வெளியான ஆய்வு, அது உயிர் பிழைப்போர் எண்ணிக்கையைக் கூட்டவில்லை என்று காட்டியது. மாறாக, பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கின்போது, காற்றே இல்லாமல் ஒட்டுப்பட்டிகளால் இறுக்கிக் கட்டும் ஆடையைத் தற்காலிகப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தது. ஆகவே, இந்த ஆடைக்குக் காற்று தேவைதானா என்பதே வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

துணியால் முடியாதது, காற்றால் முடிவது

மருத்துவ அழுத்தம், இரத்த அழுத்தத்தைப் போலவே மில்லிமீட்டர் பாதரசத்தில் அளக்கப்படுகிறது. ஐரோப்பாவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஜெர்மன் தர அளவையின்படி, முதல் வகைக் காலுறை கணுக்காலில் 18 முதல் 21 வரையும், இரண்டாம் வகை 23 முதல் 32 வரையும், மூன்றாம் வகை 34 முதல் 46 வரையும் அழுத்தம் தர வேண்டும். 20 மில்லிமீட்டர் பாதரசம் என்பது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தோலின் மீதும் 27 கிராம் எடை வைத்ததற்குச் சமம்.

இதே அழுத்தத்தைக் காலுக்குப் பதிலாக இடுப்புக்கும் வயிற்றுக்கும் தர முயலும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு: ஒரு துணி தரும் அழுத்தம், அதன் இழுவிசையை அது சுற்றியிருக்கும் உருளையின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. ஐந்து சென்டிமீட்டர் ஆரமுள்ள கெண்டைக்காலுக்கு 20 மில்லிமீட்டர் அழுத்தம் தர, ஒரு சென்டிமீட்டர் அகலத் துணி ஏறத்தாழ 135 கிராம் இழுவிசையுடன் இருந்தால் போதும். பதினைந்து சென்டிமீட்டர் ஆரமுள்ள உடற்பகுதிக்கு அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 400 கிராமுக்கும் மேல் தேவை. அவ்வளவு இறுக்கமான உடையை, விரல் மூட்டுகளில் வாதம் உள்ள முதியவர் ஒருவரால் தாமாக அணியவோ கழற்றவோ இயலாது.

மேலும் உடல் ஓர் உருளையும் அல்ல. முதுகுத் தண்டின் பள்ளம், இடுப்பெலும்பின் மேடு, மார்பின் கீழ்ப்புறம் என்று மேடுபள்ளங்கள் நிறைந்தது. இழுத்துக் கட்டிய துணி மேட்டை நெரிக்கும், பள்ளத்தைத் தொடாமலே விட்டுவிடும். காற்றின் சிறப்பு இங்குதான் வெளிப்படுகிறது. பைக்குள் அடைபட்ட காற்று எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் அழுத்துவதால், பள்ளத்தையும் நிரப்புகிறது. தளர்வாக அணிந்து, பின்னர் காற்றேற்றி இறுக்கலாம். தேவை முடிந்ததும் காற்றை வெளியேற்றிவிடலாம்.

இதன் பயனை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரியும் நோயாளிகளுக்கு, நிற்கும்போது மட்டும் தானாகக் காற்றேறி 40 மில்லிமீட்டர் அழுத்தம் தரும் வயிற்றுப் பட்டியை அவர்கள் அணிவித்தார்கள். இந்நோய்க்கு வழக்கமாகத் தரப்படும் மிடோட்ரின் என்ற மருந்துக்கு ஈடான பலனை அந்தப் பட்டி தந்தது. கால்களை மட்டும் அழுத்துவதைவிட வயிற்றை அழுத்துவது முக்கியமானது. உடல் முழுவதையும் மூடும் உடை எல்லோருக்கும் தேவையில்லை என்பதும் இதிலிருந்து விளங்குகிறது.

மறைப்பதில் உள்ள பொறியியல்

காற்றுப்பையின் குறை, அது உப்புவது. இடுப்பைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தடிப்புக் கூடினால், சுற்றளவு ஆறு சென்டிமீட்டருக்கும் மேல் கூடுகிறது. கடையில் வாங்கும் உடையில் அது ஓர் அளவுக்கும் மேற்பட்ட வேறுபாடு. எனவே பிறர் கண்ணில் படாத ஆடைக்கு அடிப்படையான விதி ஒன்று இருக்கிறது. பையின் உட்புறத் துணி நெகிழ வேண்டும், வெளிப்புறத் துணி சற்றும் நெகிழக் கூடாது. வெளிப்புறம் நெகிழுமானால், காற்று உடலை அழுத்துவதற்குப் பதிலாக வெளியே புடைத்துக்கொள்ளும். அணிந்தவர் பருத்தவராகத் தோன்றுவாரே தவிர, நோய்க்குப் பலன் கிடைக்காது.

இன்னொரு வழியை உயரப் பறக்கும் விமானிகளுக்கான உடை காட்டுகிறது. 1940களில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹென்றி வடிவமைத்த உடையில், உடல் முழுவதும் காற்றுப்பை விரிக்கப்படவில்லை. கைகால்களின் நெடுகே குறுகிய குழாய்கள் மட்டும் ஓடின. குழாயில் காற்று ஏறும்போது, அதைச் சுற்றிப் பின்னியிருந்த நாடாக்கள் இழுபட்டுத் துணி முழுவதும் இறுகியது. கயிற்றுக் கட்டிலின் தொய்ந்த கயிற்றை ஒரு பக்கத்தில் முறுக்கினால் கட்டில் முழுவதும் விறைப்பது போன்ற ஏற்பாடு இது. அத்தகைய குழாயை அன்றாட உடையில் பக்கத் தையலின் ஓரமாகவோ, முதுகுப் பள்ளத்திலோ ஒளித்துவைக்கலாம். ஆனால் துணி இறுகித்தான் அழுத்தம் பிறக்கிறது என்பதால், லாப்லாஸின் விதி இங்கும் பொருந்தும். மேடுபள்ளங்களை நிரப்பும் காற்றுப்பையின் நன்மையை ஓரளவு இழக்க வேண்டியிருக்கும்.

இக்காஸ்ட் போன்ற பின்னல் நகரங்களின் அனுபவம் பயன்படக்கூடிய இடமும் இதுவே. வட்டப் பின்னல் தையலற்றது, மெல்லியது, உடைக்குள் எளிதில் மறையும். தட்டைப் பின்னல் தடிப்பானது. ஆனால் உடலின் வடிவுக்கேற்ப வரிக்கு வரி கண்ணிகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பின்ன முடிவதால், வீங்கிய கைகால்களுக்கு அதுவே ஏற்றது. நெகிழும் பின்னலையும் நெகிழாத நெசவையும் ஒரே ஆடையில் இணைத்து, மிதமான நிலையான அழுத்தத்தைத் துணியும், தேவைப்படும்போது கூடுதல் அழுத்தத்தைக் காற்றும் தருமாறு வேலையைப் பிரித்துக்கொடுப்பதே நடைமுறைக்கு உகந்த வழியாகத் தோன்றுகிறது.

எஞ்சிய சிக்கல்கள் சிறியவை போலத் தோன்றினாலும், ஓர் ஆடை அணியப்படுமா அலமாரியில் கிடக்குமா என்பதை அவையே தீர்மானிக்கின்றன. மின் பம்ப் ஓசை எழுப்பும். அமைதியான கூட்டத்தில் அது அணிந்தவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் இருப்பது போன்ற கைக்குமிழ் ஓசையற்றது, ஆனால் அதை அமுக்க மறைவான இடம் வேண்டும். காற்று புகாத பூச்சுள்ள துணியில் வியர்வையும் வெளியேறாது. டென்மார்க்கின் குளிரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆடை, யாழ்ப்பாணத்தின் சித்திரை வெயிலில் புண்ணை உண்டாக்கும். காற்றுப்பைகளைக் கழற்றித் துணியை மட்டும் துவைக்க இயல வேண்டும். விமானப் பயணத்தில் அறையின் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவதால், மூடிய பை மேலும் விரிந்து இறுக்கும். வரம்பு மீறிய காற்றைத் தானாக வெளியேற்றும் வால்வு இல்லாத ஆடை ஆபத்தானது.

மார்பின் விரிவைத் தடுத்தால் மூச்சு முட்டும் என்பதால், நெஞ்சுப் பகுதியில் அழுத்தம் குறைவாகவே இருக்க வேண்டும். கால்களின் தமனிகளில் அடைப்பு உள்ளவர்கள், முற்றிய இதய நோயாளிகள், நாளங்களில் இரத்தக்கட்டி உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரின் அனுமதியின்றி இத்தகைய ஆடைகளை அணியக் கூடாது. கிராண்டினின் இயந்திரம் தரும் பாடத்தையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அதில் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உள்ளே இருப்பவரின் கையிலேயே இருந்தது. பிறர் கையில் இருக்கும்போது அணைப்பு, சிறைப்பிடிப்பாக மாறிவிடும். குழந்தைக்கு அணிவிக்கும் ஆடையில், அந்தக் குழந்தையே ஒரே இழுப்பில் விடுவித்துக்கொள்ளும் வழி இருக்க வேண்டும்.

யார் பணம் கொடுப்பது?

டென்மார்க்கில் நிரந்தரமான உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு, சமூக சேவைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்கீழ் நகராட்சி துணைக்கருவிகளுக்கான உதவியை வழங்குகிறது. அழுத்தக் காலுறைகளும் இதில் அடங்கும். மிகப் பொருத்தமானதும் மிக மலிவானதுமான கருவிக்கே உதவி என்பது சட்டத்தின் அளவுகோல். கூடுதல் விலையுள்ள ஒன்றை விரும்புபவர், வித்தியாசத்தைத் தம் கையிலிருந்து கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம்.

இந்த இரு சொற்களுக்கு இடையில்தான் நமது கேள்வி சிக்கியிருக்கிறது. பிறர் கண்ணில் படாமல் இருப்பது பொருத்தத்தின் ஒரு பகுதியா, அல்லது அவரவர் பணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய ஆடம்பரமா? அழுத்தக் காலுறைகளைப் பரிந்துரைக்கப்பட்டபடி அணியாமல் விட்டுவிடுபவர்கள் ஏராளம் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. அணிவது கடினம், புழுங்குகிறது, பார்வைக்கு நன்றாக இல்லை என்பவை அவர்கள் சொல்லும் காரணங்களில் சில. அணியப்படாத ஆடை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது வீண்செலவே. டென்மார்க்கில் பல முதியவர்களுக்குக் காலையில் காலுறையை மாட்டவும் மாலையில் கழற்றவும் நகராட்சியின் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர் வந்துபோகிறார். தளர்வாக அணிந்து தாமே காற்றேற்றிக்கொள்ளும் ஆடை, அந்தச் செலவையும் குறைக்கக்கூடும், மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டிய நிலையையும் மாற்றக்கூடும்.

நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. வீங்கிய காலைச் சேலைக் கரையால் மறைத்துக்கொண்டு திருமண வீடுகளில் பின்வரிசையில் அமர்ந்த பெண்களை நம்மில் பலர் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். நோயை மறைக்கத் தேவையில்லாத சமூகம் உருவாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நாள் வரும்வரை, வெளியே வர அஞ்சி வீட்டுக்குள் இருப்பதா, மறைத்துக்கொண்டாவது வெளியே வருவதா என்ற தெரிவு ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்ற முடிவை நோயாளியிடமே விட்டுவைப்பதுதான் மறைவான ஆடை செய்யும் வேலை.

இதற்குத் தேவையான அறிவு ஏற்கெனவே சிதறிக் கிடக்கிறது. விமானியின் உடையில் குழாய் இருக்கிறது, மருத்துவமனையின் பட்டியில் அளவு இருக்கிறது, பின்னலாடைத் தொழிலாளியின் கையில் துணியின் நெகிழ்வு பற்றிய அறிவு இருக்கிறது. இக்காஸ்டின் தையல் மேசைகளில் பிறருக்காக உடை தைத்தவர்கள், இன்று தமக்கு இப்படியோர் உடை தேவைப்படும் வயதில் இருக்கிறார்கள். எங்கே இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று அவர்களிடமே கேட்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கலாம்.